பட்டறையிற் பிறந்த பயங்கரம்

2025ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி ஒஸி ஒஸ்போர்ண் என்னும் ஆங்கிலேயப் பாடகர் தமது 76 வயதிற் காலமானார். அவரது மறைவையொட்டி எழுதப்பட்டவற்றைப் பெரும்பாலும் இரு வகையுள் அடக்கிவிடலாம். வௌவாலின் தலையைக் கடித்தவர், போதையிற் புரண்டவர், 'இருளின் இளவரசர்' எனப் பட்டம் பெற்றவர் என்று விநோதக் கதைகளை அடுக்கியோர் ஒரு சாரார். ஏழையாய்ப் பிறந்து கோடீசுவரரான கதையை, முயற்சி திருவினையாக்கும் என்னும் பாங்கிற் சொல்லி மகிழ்ந்தோர் மற்றொரு சாரார். குறிப்பிட்ட ஒரு நகரத்தின், குறிப்பிட்ட ஒரு வர்க்கத்தின் அச்சத்துக்கு ஓசை வடிவம் கொடுத்த கலைஞர் ஒருவர் மறைந்தார் என்பதை இரு சாராரும் போகிறபோக்கிற் சொல்லி நகர்ந்தனர்.

நம்மவருட் பலருக்கு இப்பெயரே அருவருப்பைத் தரும். கறுப்புச் சட்டையில் மண்டையோட்டுப் படம் பொறித்துக்கொண்டு திரியும் மாணவனைக் கண்டால், சமயப்பற்றுள்ள ஆசிரியர் பிசாசின் வேலை என்பார். முற்போக்காளராகிய நாமோ மேனாட்டு நசிவுக் கலாசாரம் என்போம். சொற்கள் வேறு, சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்த்துக்கொள்ளும் உபாயம் ஒன்றே. ஒரு கலைவடிவம் எத்தகைய வாழ்வினின்று எழுந்தது, எவர் கைகளால் ஆக்கப்பட்டது, பின்னர் எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்களைத் தமிழ் நாவலுக்கும் கூத்துக்கும் தொடுக்கும் நாம், ஹெவி மெற்றல் எனப்படும் இவ்விசைக்கு மட்டும் அவற்றைத் தொடுக்காமல் விடுவது நேர்மையாகாது. கன உலோகம் என்று பொருள்படும் அப்பெயரே நம்மைச் சற்று நின்று நோக்கச் செய்யவேண்டும்.

ஜோன் மைக்கல் ஒஸ்போர்ண் 1948 டிசெம்பர் 3ஆந் திகதி பிறந்தார். வளர்ந்தது பேர்மிங்காம் நகரின் அஸ்ரன் பகுதியில். 'ஆயிரம் தொழில்களின் நகரம்' என்று பேர் பெற்றது பேர்மிங்காம். பதினெட்டாம் நூற்றாண்டிலே போல்ற்றனும் ஜேம்ஸ் உவாற்றும் நீராவி யந்திரத்தை உலகச் சந்தைக்கு அனுப்பியது அங்கிருந்துதான். ஆணி முதல் துப்பாக்கிவரை உலோகத்தால் ஆனவை யாவும் அந்நகரிற் செய்யப்பட்டன. அக்காரணத்தாலேயே இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய விமானங்கள் அதன்மீது குண்டுமாரி பொழிந்தன. ஒஸியின் தலைமுறைப் பிள்ளைகள் விளையாடிய வெளிகள், குண்டுவீழ்ந்து இடிந்த வீடுகள் நின்ற வெற்றுநிலங்களே. தந்தை ஜி.ஈ.சி. மின்சாதனத் தொழிற்சாலையில் இரவு முறை வேலைசெய்த கருவித் தொழிலாளி. தாய் லூக்காஸ் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்தார். லொட்ஜ் வீதியிலிருந்த சிறிய வீட்டில் ஆறு பிள்ளைகள். தந்தை வேலையால் வந்து படுக்கும் நேரத்திலே தாய் வேலைக்குப் புறப்படும் குடும்பம் அது.

பிரித்தானியாவின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பரீட்சையொன்றாற் பிரித்தது. தேறியோர் இலக்கணப் பாடசாலைக்கும், தவறியோர் 'நவீன' இடைநிலைப் பாடசாலைக்கும் அனுப்பப்பட்டனர். நவீனம் என்பது இங்கு ஒரு மங்கல வழக்கு. அதன் பொருள், தொழிற்சாலைக்கு ஆள் தயாரித்தல் என்பதே. ஒஸி அவ்விரண்டாம் வகைப் பாடசாலையிற் படித்தார். எழுத்துக்கள் கண்ணுக்கு முன்னே குழம்பும் வாசிப்புக் குறைபாடு அவருக்கிருந்தது. அக்காலப் பாடசாலைகளில் அதை அறிந்தோர் அரிது, பரிகாரமும் அரிது. மந்தன் என்பதே தீர்ப்பு. பதினைந்து வயதிற் பாடசாலையை விட்டார். அதன் பின்னர் கட்டட வேலை, குழாய் பொருத்தும் வேலை, கருவி செய்யும் வேலை, மாடறுக்கும் மடுவத்தில் வேலை என மாறிமாறி அலைந்தார். தாய் வேலைசெய்த லூக்காஸ் தொழிற்சாலையிலே மோட்டார் வாகனங்களின் ஊதுகுழல்களைச் சுருதி பார்க்கும் வேலையும் கிடைத்தது. ஓசை வெளியே போகாத அறையொன்றில் நாள் முழுவதும் ஊதுகுழலை ஒலிக்கவைத்துக் காதுகொடுப்பதே கடமை. உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் முதல் இசைத்தொழில் இதுதான் எனலாம்! அங்கே பல்லாண்டு உழைத்து ஓய்வுபெறும் நிலையிலிருந்த முதியவர் ஒருவர், தமக்குக் கிடைக்கவிருக்கும் தங்கக் கைக்கடிகாரத்தைப்பற்றிப் பெருமையாகச் சொன்னாராம். ஓர் ஆயுளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வாங்குவதா என்று வெகுண்டு அவ்வாலிபன் வெளியேறினான் என்பது அவரது தன்வரலாற்றிற் காணப்படும் செய்தி. அடுத்துச் செய்தது களவு. பிடிபட்டு, தண்டப்பணம் கட்ட இயலாமல், வின்சன் கிறீன் சிறையிற் சில வாரங்கள் கிடந்தார். பாடம் புகட்டவேண்டுமென்று தந்தை பணத்தைக் கட்ட மறுத்துவிட்டார்.

இக்கதையின் மையம் ஒஸியின் குரலன்று, வேறொருவரின் விரல்கள். அதே பாடசாலையில் ஒஸிக்கு மேல்வகுப்பிற் படித்தவர் ரொனி அயோமி. அவரும் உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்தார். கிற்றார் வாசிப்பையே தொழிலாகக் கொள்ளத் தீர்மானித்து, வேலையை விட்டுவிலகும் கடைசி நாளன்று, வராத தொழிலாளி ஒருவரின் யந்திரத்தில் அவர் நிறுத்தப்பட்டார். பழக்கமில்லாத அவ்வழுத்து யந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் கொண்டுபோயிற்று. அவருக்கு வயது அப்போது 17. இடக்கைப் பழக்கமுடையவராதலின், நரம்புகளை அழுத்தவேண்டிய கை அதுவே. இனி வாசிக்கமுடியாது என்றனர் வைத்தியர். தொழிற்சாலை மேலாளர் ஒருவர், தீவிபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னரும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜிப்சிக் கலைஞரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேற் பழைய தோற்சட்டையொன்றின் துண்டை ஒட்டினார். வன்மையான நரம்புகளை அழுத்த வலித்ததால் மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். நாளடைவில், 1971இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டிற் பல பாடல்களுக்கு, நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையே கீழிறக்கினார். கனத்து, இருண்டு, தரையைத் தொட்டு எழும் அந்த ஓசை இவ்வாறு பிறந்தது. அதைப் பிசாசின் ஓசை என்போர் அறியவேண்டியது ஒன்றுண்டு: அஃது ஊனமுற்ற தொழிலாளி ஒருவன் தன் கைக்கேற்ப வாத்தியத்தைத் திருத்தியமைத்த ஓசை.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் வகுப்பறையிற் பிரித்துப் பேசுகிறோம். இங்கு உருவமே தொழிற்சாலையின் வடுவாக இருப்பதைக் காண்கிறோம். இதனினும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1968இல் இவ்விருவரோடு கீசர் பட்லர், பில் வோட் என்னும் இரு அஸ்ரன் இளைஞரும் சேர்ந்து குழுவொன்றை அமைத்தனர். ஒஸி சேர்த்துக்கொள்ளப்பட்டமைக்கு முக்கிய காரணம் குரல்வளமன்று. அவரிடம் சொந்தமாக ஒலிபெருக்கிச் சாதனம் இருந்தது! தந்தை கடன்பட்டு வாங்கிக் கொடுத்தது அது. இசைக்கருவிக் கடையில் ஒட்டிய விளம்பரத்திலும் அவர் அதையே குறிப்பிட்டிருந்தார். உற்பத்திச் சாதனத்தை உடையவனே இடம்பெறுவான் என்னும் விதிக்கு இவ்வளவு சிறிய உதாரணம் வேறு வேண்டியதில்லை. கறுப்பின அமெரிக்கரின் புளூஸ் இசையை வாசித்துத் தொடங்கிய இக்குழு, 1969இல் பழைய பேய்ப்படமொன்றின் பெயரைத் தழுவி 'பிளக் சபத்' ஆயிற்று. முதல் இசைத்தட்டை ஒரே நாளிற் பதிவுசெய்து முடித்தனர். 1970 பெப்ரவரி 13ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, அது வெளிவந்தது.

அதன் முதற் பாடலின் சுரக்கோவை ஒன்றைப்பற்றி இசையறிஞர் நிரம்ப எழுதியுள்ளனர். ஐரோப்பிய இசை மரபில் 'இசையிலுள்ள பிசாசு' என்று பெயர்பெற்ற இடைவெளிச் சுரம் அதில் வருகிறது. ஆனால் அச்சுரம் எவ்வழியாக வந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஹோல்ஸ்ற் என்னும் ஆங்கிலேய இசையமைப்பாளர் 1914இல் இயற்றிய, யுத்த தேவதையாகிய செவ்வாயைப்பற்றிய இசையைப் பட்லர் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட பின்னரே அயோமி இக்கோவையைக் கண்டடைந்தார் என்பர். ஆகவே பிசாசின் இசை எனப்படுவதன் மூலத்தைத் தேடிப்போனால் நாம் சென்றடைவது நரகத்தையன்று. முதல் உலக யுத்தத்தை.

அதே ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்த 'பரனோய்ட்' இசைத்தட்டே இவர்களுடைய உன்னத சாதனை. அதற்கு முதலில் இட எண்ணிய பெயர் 'வார் பிக்ஸ்' — யுத்தப் பன்றிகள். பாடல்களின் சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் பட்லர். அவர் ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்திருந்த காலம் அது. பிரித்தானிய இளைஞரும் அதற்குள் இழுக்கப்படலாம் என்னும் அச்சம் அவருக்கிருந்தது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தளங்களின் சிப்பாய்களிடம் களத்தின் கதைகளையும், ஹெரோயினால் மட்டுமே நினைவை மறக்கமுடிந்தவர்களின் கதைகளையும் குழுவினர் நேரிற் கேட்டனர். பாடலின் முதல் வரைவில் சூனியக்காரிகளின் இராக்கூட்டமே பொருள். திருத்திய வடிவத்திற் சூனியக்காரிகளின் இடத்தில் தளபதிகள் வந்து நின்றனர். யுத்தத்தைத் தொடங்குவோர் ஒளிந்துகொள்ள ஏழைகள் சாக அனுப்பப்படுகின்றனர் என்பதை இவ்வளவு நேரடியாக உரைத்த பாடல் அக்காலத்து றொக் இசையில் அரிது. பூச்சூடிய அமைதி இயக்கத்தாரின் மென்மையான பாடல்கள் யுத்தம் கெட்டது என்றன. அஸ்ரன் இளைஞரோ யுத்தம் யாருக்கு இலாபம் என்று கேட்டனர்.

எனினும் இப்பாடலின் எல்லையையும் சொல்லவேண்டும். யுத்தப் பன்றிகளுக்குத் தண்டனை வழங்குபவர் யார்? பாடலின் முடிவிற் கடவுளின் நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது, குற்றவாளிகள் மண்டியிடுகின்றனர். மண்ணிலே செய்யவேண்டிய விசாரணையை வானத்துக்கு ஒத்திவைக்கும் கத்தோலிக்கப் பிள்ளையின் கனவு அது. மக்கள் எழுவதை அவரால் அப்போது கற்பனைசெய்ய முடியவில்லை. அடுத்த ஆண்டில் வந்த 'சில்ட்ரன் ஒவ் த கிறேவ்' என்னும் பாடலில் இளைஞர் எழுச்சி வருகிறதாயினும், அது விருப்பமாக ஒலிக்கிறதேயன்றிப் பாதையாகத் தெரியவில்லை. பரனோய்ட் என்னும் பாட்டு பெருவெற்றி பெற்றதால் இசைத்தட்டின் பெயரும் மாற்றப்பட்டது என்பர் சிலர். யுத்த ஆதரவாளரைப் பகைக்க நிறுவனம் விரும்பவில்லை என்பர் வேறு சிலர். எக்காரணமாயினும், வாளும் கேடயமும் ஏந்திய உருவம் அட்டையில் அப்படியே நின்றது. அதற்குப் பொருள் தந்த தலைப்பு மட்டும் போய்விட்டது.

இனி ஒஸியின் குரல். சொல்லை எழுதியவர் பட்லர், இசைக்கோவையை ஆக்கியவர் அயோமி என்றால் ஒஸி செய்தது என்ன என்று கேட்கலாம். பாடல்களின் மெட்டுக்களிற் பலவற்றை முணுமுணுத்துக் கண்டெடுத்தவர் அவரே. அதற்கும் மேலாக, அச்சொற்களை நம்பத்தக்கனவாகச் செய்தது அவரது தொண்டைதான். பயிற்சியற்ற, மூக்காற் செல்லும், உச்சத்தில் நின்று வளையாமல் ஒலிக்கும் குரல் அது. அக்காலத்து வெள்ளை இனப் பாடகர் பலர் கறுப்பினப் பாடகரின் கமகங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, இவர் அணிகலனின்றிப் பாடினார். 'அயன் மான்' — இரும்பு மனிதன் — என்னும் பாடலில் அவர் குரல் கிற்றாரின் சுரக்கோவையை அடியடியாகப் பின்தொடர்கிறது. குரலுக்கென்று தனிப்பாதை இல்லை. யந்திரம் செல்லும் வழியே மனிதன் செல்கிறான். எதிர்காலத்தின் அழிவைக் கண்டு எச்சரிக்க வந்தவன், வழியில் இரும்பாகிப் பேசவியலாது நிற்கிறான். அவனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் அவனே அழிப்பவனாகிறான் என்பது கதை. இதைச் சிறுவர் சித்திரக்கதை என்று ஒதுக்கலாம். லூக்காஸ் தொழிற்சாலையின் அறையை அறிந்தவருக்கோ, மனிதனை இரும்பாக்கும் அச்சக்தி எது என்பதிற் சந்தேகமிராது. மாரடித்து ஒப்பாரி சொல்லும் கிழவியின் குரலை இனிமையானது என்று எவரும் புகழ்வதில்லை. ஆயினும் அதைக் கேட்டு எழுந்துபோக எவராலும் இயலாது. ஒஸியின் குரலும் அவ்வினத்தைச் சேர்ந்தது.

விமரிசகர் இதனை அன்று உணரவில்லை. றோலிங் ஸ்ரோன் சஞ்சிகையில் லெஸ்டர் பாங்ஸ் முதல் இசைத்தட்டை ஏளனம் செய்தார். 1972இல் அவரே இக்குழுவினரை அறநோக்குடைய கலைஞராகக் கொண்டு நீண்டதொரு கட்டுரை எழுதினார். படித்த நடுத்தர வர்க்கத்தார் எள்ளி நகையாடிய இவ்விசைத்தட்டுக்களை வேலையிலிருந்து திரும்பிய இளைஞரும் பாடசாலை மாணவரும் வாங்கிக்கொண்டே இருந்தனர்.

வாங்கினர், பணம் குவிந்தது, அப்பணம் எவ்விடம் சென்றது என்பதுதான் துயரக் கதை. ஒப்பந்தங்களை வாசிக்காமலே ஒப்பமிட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், முகாமையாளருடன் வழக்காடுவதிற் பல ஆண்டுகளைத் தொலைத்தனர். 1975இல் வெளிவந்த 'சபொட்டாஜ்' இசைத்தட்டு அவ்வழக்கின் நடுவே செய்யப்பட்டது; நாசவேலை என்னும் அத்தலைப்பு எவரை நோக்கியது என்பதை விளக்கவேண்டியதில்லை. இதனிடையே கொக்கெயின் வந்தது. 1972இல் லொஸ் ஏஞ்சலிசிற் செய்த நான்காவது இசைத்தட்டின் அட்டையில், அப்போதைப்பொருளை வழங்கியோருக்கு மறைபொருளாக நன்றியே அச்சிட்டனர். பேசுவதற்கு அஸ்ரன் தந்த விஷயங்கள் தீர்ந்துபோக, அமெரிக்க மாளிகைகளின் சலிப்பே எஞ்சியது. 1979இல் குடியும் போதையும் மிஞ்சிவிட்டனவென்று ஒஸி நீக்கப்பட்டார். நீக்கிய மூவரும் அன்று தெளிந்த நிலையில் இருந்தவரல்லர். எஞ்சிய பெயரும் என்னவாயிற்று? 1987இல், தென்னாபிரிக்க நிறவெறி அரசைக் கலைஞர் பகிஷ்கரித்துவந்த வேளையில், அயோமியின் தலைமையில் அப்பெயர் தாங்கிய குழு சன் சிற்றிக்குச் சென்று வாசித்தது. ஒஸி அதில் இல்லை என்பது அவருக்கு நல்வாய்ப்பு, புகழ்ச்சியன்று. யுத்தப் பன்றிகளைப் பாடிய குழுவின் வரலாற்றில் அழியாத கறை அது.

வேலையிழந்த ஒஸியைத் தனிப்பாடகராக்கியவர் ஷரன். பிளக் சபத்தை நிருவகித்த முகாமையாளரொருவரின் மகள். 1982இல் ஒஸியை மணந்தவர். 1980இலும் 1981இலும் வந்த இரு இசைத்தட்டுக்களிலும் கலைச்சிறப்பு மிகுதி. ரண்டி றோட்ஸ் என்னும் இளம் அமெரிக்கர் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நுட்பத்தைக் கிற்றாருக்குக் கொண்டுவந்தார். 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. 'கிறேசி ற்றெயின்' என்னும் பாடல் வல்லரசுகளின் பனிப்போரில் நடுங்கும் தலைமுறையின் மனநிலையைப் பாடுகிறது. அதன் சொற்களை எழுதியவர் பேஸ் கிற்றார் வாசித்த பொப் டெயிஸ்லி. ஆனால் சந்தை இவற்றைப் பேசவில்லை. 1981இல் இசைத்தட்டுக் கம்பனியின் கூட்டத்தில் ஒஸி புறாவொன்றின் தலையைக் கடித்தார். 1982 சனவரியில், அயோவா மாநிலத்தில், மேடையில் எறியப்பட்ட வௌவாலை றப்பர் என்றெண்ணிக் கடித்தார். அடுத்த மாதம் ரெக்சாசில் அலமோ நினைவுத்தூணில் சிறுநீர் கழித்துச் சன் அன்ரோனியோ நகரிற் பத்தாண்டு பாடத் தடைபெற்றார். சந்தை பேசியது இவற்றையே.

இவ்விடத்திலே தான் வீழ்ச்சியின் இரகசியம் இருக்கிறது. 1970இல் மேடையில் நின்ற பயங்கரம் மெய்யானது: அணுகுண்டு, வியட்நாம், அழுத்து யந்திரம். 1982இன் பயங்கரம் பொம்மை. முன்னையது கேட்பவனை உலகத்தை நோக்கித் திருப்பியது. பின்னையது பாடகனின் வாயை நோக்கித் திருப்பியது. மெய்யான பயங்கரம் கேள்வி கேட்கும். பொம்மைப் பயங்கரம் சீட்டு விற்கும்.

அந்தப் பொம்மையை மெய்யென்று நம்பியோர் அமெரிக்கப் பழைமைவாதிகள். 1984இல் கலிபோர்ணியாவில் இளைஞர் ஒருவர் தற்கொலைசெய்துகொண்டார். 'சூசைட் சொலூஷன்' என்னும் பாடலே அவரைத் தூண்டியதென்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். தலைப்பிலுள்ள அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தீர்வு என்றும் கரைசல் என்றும் இரு பொருள் உண்டு. பாடல் தற்கொலையைத் தீர்வென்று சொல்லவில்லை. மது என்னும் கரைசல் மெல்லக் கொல்வதைச் சொல்கிறது. சிலேடை என்னும் அணியைப் படித்த நம் மாணவன் ஒருவன் அம்மன்றத்தில் இருந்திருந்தால் விளக்கம் விரைவில் முடிந்திருக்கும். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்தை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் இளைஞரின் விரக்திக்குக் காரணம் தேடப் புறப்பட்ட ஒரு சமுதாயம், வேலையின்மையையும் தனிமையையும் கடந்துபோய் இசைத்தட்டுக் கடையில் நின்றதை இகழத்தான் வேண்டும்.

அக்கரைசல் பாடியவரையும் விடவில்லை. 1989 ஓகஸ்டில் மொஸ்கோவில் நடைபெற்ற சமாதான இசைவிழாவில், போதையொழிப்புக்கு நிதி திரட்டும் அதே மேடையில் அவர் பாடினார். சில வாரங்களுள், போதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கொல்ல முயன்றாரென்று கைதானார். மனைவி வழக்கைத் தொடர விரும்பாமையால் அது கைவிடப்பட்டது. அவர் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். தன்வரலாற்றுப் புத்தகங்களில் இது வேடிக்கைச் சம்பவங்களின் வரிசையிற் சேர்ந்துவிடுகிறது. இது வேடிக்கையன்று. தொழிலாளர் வாழ்வின் கசப்பு என்று நம்மில் எவரும் இதற்குச் சமாதானம் சொல்லவும் கூடாது. பெண்ணின் கழுத்தில் விழுந்த கை எவ்வர்க்கத்தின் கையாயினும் குற்றவாளியின் கையே.

இவரது வாழ்க்கையை ஒரே ஆண்டிற் காணவேண்டுமென்றால் 2002ஐப் பார்க்கவேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் எம்.ரி.வி. தொலைக்காட்சி அவரது குடும்ப வாழ்வை நாடகமாக்கி ஒளிபரப்பத் தொடங்கியது. கை நடுங்க, பேச்சுக் குழற, தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கத் தெரியாது தடுமாறும் முதியவரைப் பார்த்து அமெரிக்கா சிரித்தது. மே மாதத்தில், வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்க விருந்தில் அவர் விருந்தினர். ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் அவர் பெயரைச் சொல்லி நகைச்சுவை செய்தார். அப்போது ஆப்கானிஸ்தானில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பத்து மாதத்தில் ஈராக் படையெடுப்புத் தொடங்கவிருந்தது. யுத்தப் பன்றிகளைப் பாடிய வாய் அங்கே என்ன செய்தது? எழுந்து நின்று கைகாட்டி முத்தம் வீசியது. யூன் மாதத்தில், எலிசபெத் மகாராணியின் பொன்விழாவுக்காகப் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் அயோமியுடன் நின்று பரனோய்ட் பாடினார்.

அதே ஆண்டில் நடந்த நான்காவது சம்பவத்தை அறிந்தோர் குறைவு. முதலிரு தனி இசைத்தட்டுக்களில் வாசித்த டெயிஸ்லியும், டிறம்ஸ் வாசித்த லீ கேர்ஸ்லேக்கும் தமக்குரிய உரிமைப்பணத்தைக் கேட்டு வழக்காடிவந்தனர். 2002இல் அவ்விசைத்தட்டுக்கள் மறுபடி வெளியிடப்பட்டபோது, அவ்விருவரின் வாசிப்பு முற்றாக அழிக்கப்பட்டு, வேறிருவரை வாசிக்கவைத்து இட்டு நிரப்பப்பட்டிருந்தது. இரண்டாவது இசைத்தட்டின் முதல் அட்டையிலேயே, 1981இல், அவர்கள் பெயர்களுக்குப் பதிலாக வேறு இருவர் பெயர்கள் அச்சாகியிருந்தன. 2003இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் பழைய வாசிப்பு மீண்டது. இம்முடிவு தம்முடையதன்று என ஒஸி பின்னர் சொன்னார். இருக்கலாம். ஆயினும் தங்கக் கடிகாரத்தை ஏளனம் செய்து வெளியேறிய வாலிபனின் பெயரால், இரு தொழிலாளரின் உழைப்பு நாடாவிலிருந்து துடைக்கப்பட்டது. அரண்மனைத் தோட்டத்திற் பாடியதைக்காட்டிலும் இதுவே என் மனத்தை உறுத்துகிறது.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லலாம். பழைய குழு மீண்டும் கூடியபோது, ஒப்பமிடத்தக்க ஒப்பந்தம் வேண்டுமென்று 2012இற் கேட்ட பில் வோட் வெளியே நிறுத்தப்பட்டார். 2013இல் வந்த புதிய இசைத்தட்டும், 2017 பெப்ரவரியில் பேர்மிங்காமில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியும் அவரின்றியே நிகழ்ந்தன. 2020இல் ஒஸி தமக்குப் பார்க்கின்சன் நோயிருப்பதை அறிவித்தார். இதற்கிடையில் அவர்களை ஆளாக்கிய நகரமும் மாறிவிட்டது. தாய் வேலைசெய்த லூக்காஸ் நிறுவனம் 1996இல் அமெரிக்கக் கம்பனியொன்றுடன் இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது.

2025 யூலை 5ஆந் திகதி, அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட மைதானத்தில் நால்வரும் ஒன்றாக மேடையேறினர். பில் வோட்டும் இருந்தார். வருவாய் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் பேர்மிங்காமின் சிறுவர் வைத்தியசாலைக்கும், மரணத்தை எதிர்நோக்கும் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் போயிற்று. லொட்ஜ் வீதி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ளது அம்மைதானம். ஆட்டம் பார்க்க வருவோரின் கார்களுக்குக் காவலிருந்து சில்லறை பெற்ற சிறுவன் ஒஸி. அன்று அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கறுப்பு ஆசனமொன்றில் அமர்ந்தவாறே பாடினார். பிளக் சபத்தின் நிகழ்ச்சியில் முதலில் வந்த பாடல் 'வார் பிக்ஸ்'. குரல் சுருதியை விட்டுச் சில இடங்களில் விலகியது. அவ்விடங்களை மைதானம் நிறைந்த சனங்கள் பாடி நிரப்பினர். பதினேழு நாட்களின் பின் அவர் இறந்தார்.